பெரியவங்களுக்கு கிளாஸ் எடுக்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

சாயங்கால வகுப்புல பெரியவங்களுக்கு பாடம் எடுக்க ஆரம்பிச்சு 11 வருஷம் ஆகுது. எழுத்துக்கூட்டி படிக்க வந்தவங்க, ஸ்கூல பாதியில விட்டுட்டு இப்போ பரீட்சை எழுத வந்தவங்க, வேலைக்காக கம்ப்யூட்டர் கத்துக்க வந்தவங்கன்னு எல்லா மாதிரியும் இருந்திருக்காங்க. புதுசா இந்த வேலைக்கு வர்ற டீச்சருங்க, வாலண்டியருங்க என்கிட்ட கேட்கிற கேள்விங்க கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருக்கும். பாடத்த எப்படி நடத்துறதுன்னு கேட்கிறத விட "ஏன் ரெண்டே வாரத்துல நின்னுடறாங்க, ஏன் வாயே திறக்க மாட்டேங்குறாங்க"ன்னுதான் கேப்பாங்க. அதுக்கெல்லாம் நான் சொன்னத இங்க ஒண்ணா எழுதி வெச்சிருக்கேன். நான் பார்த்த வரைக்கும் பாடம் கஷ்டமா இருக்குன்னு நின்னவங்க கம்மி, நாலு பேர் முன்னாடி கூனிக்குறுகி போனதால நின்னவங்கதான் ஜாஸ்தி, அதனால கீழ இருக்கிற பதில்ல முக்காவாசி அந்த கூச்சத்த பத்தியே இருக்கும்.

குழந்தைங்களுக்கு எடுக்கிறதுக்கும் இவங்களுக்கு எடுக்கிறதுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

குழந்தையால கிளாஸ விட்டு எழுந்து போக முடியாது. பெரியவங்க பிடிக்கலைன்னா நாளைக்கு வரமாட்டாங்க, அவ்ளோதான், ஏன்னு உங்ககிட்ட சொல்லவும் மாட்டாங்க. அமெரிக்காவுல மால்கம் நோல்ஸ்னு ஒருத்தர் 1960கள் கடைசில இருந்து இத பத்தி தொடர்ந்து எழுதினார், பெரியவங்க கத்துக்கிற விதத்துக்கு ஆண்ட்ரகாஜின்னு ஒரு பேர புழக்கத்துக்கு கொண்டு வந்தவர் அவர்தான் (அந்த சொல்ல 1833லயே ஜெர்மனில அலெக்ஸாண்டர் காப்னு ஒரு ஆசிரியர் எழுதிட்டார், பரவ வெச்சது நோல்ஸ்). அவர் சொன்னதுல ரெண்டு விஷயத்த நான் எப்பவும் பிடிச்சு வெச்சிருப்பேன். ஒண்ணு, பெரியவங்க வீட்லயும் வேலையிலயும் முடிவெடுக்கிற ஆளுங்க, கிளாஸுக்குள்ள வந்ததும் "இப்படி உக்காரு, அப்படி எழுது"ன்னா உள்ளுக்குள்ள எதிர்ப்பு வரும். ரெண்டாவது, அவங்க வெறும் பாத்திரமா வர்றதில்ல, 20 வருஷம் 30 வருஷம் வாழ்ந்த அனுபவத்தோட வர்றாங்க. தையல் தெரிஞ்ச ஒரு அம்மாவுக்கு பின்னம் புதுசா சொல்லித்தர வேண்டியதே இல்ல, அரை இன்ச், முக்கால் இன்ச்னு தினமும் அளந்துட்டுதான் இருக்காங்க, அத பேப்பர்ல எப்படி எழுதுறதுன்னு காட்டினா போதும்.

இதோட நான் சேர்க்கிறது ஒண்ணு இருக்கு. நிறைய பேருக்கு கரும்பலகைய பார்த்தாலே பழைய ஞாபகம் வருது. எல்லார் முன்னாடியும் அடி வாங்கினது, "நீ எதுக்குடா வர்ற"ன்னு திட்டு வாங்கினது எல்லாம் 40 வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கு. அந்த வாத்தியார் மாதிரி நீங்களும் இருப்பீங்களோன்னு முதல் ஒரு வாரம் உங்கள கவனிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க.

முதல் நாள் என்ன செய்யணும்?

இதுதான் ரொம்ப முக்கியம், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். அரை மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. வாசல் கதவ திறந்து வெச்சு பக்கத்துலயே நில்லுங்க. வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள நாலு பேர் உக்காந்திருக்கிறத பார்த்து அப்படியே திரும்பி போனவங்க உண்டு, நான் கண்ணால பார்த்திருக்கேன், ஓடிப்போய் கூப்பிடறதுக்குள்ள தெருமுனைய தாண்டிட்டாங்க. ஒரு ஆள் நின்னு "வாங்க, இந்த கிளாஸ்தான், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க"ன்னு சொன்னா அந்த ஒரு வார்த்தை அவங்கள உள்ள கொண்டு வந்துடும்.

சேர், பெஞ்ச பாருங்க. குழந்தைங்க ஸ்கூல்லதான் இடம் கிடைக்குதுன்னா கூட பெரிய சேர் எங்கயாவது கேட்டு வாங்கி போடுங்க. முழங்கால் நெஞ்சுல இடிக்கிற மாதிரி உக்காந்துட்டு யாராலயும் மரியாதையா இருக்கோம்னு நினைக்க முடியாது. வரிசையா போடாம வட்டமாவோ அரைவட்டமாவோ போட முடிஞ்சா நல்லது, கடைசி பெஞ்சுன்னு ஒண்ணு இருக்காது.

அறிமுகம் பண்ணிக்கிறப்போ ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு பேசச் சொல்லாதீங்க. "எதுவரைக்கும் படிச்சீங்க, ஏன் நிறுத்தினீங்க"ன்னு கேட்கவே கேட்காதீங்க, அந்த கேள்விக்கு பின்னாடி வறுமை இருக்கலாம், சின்ன வயசு கல்யாணம் இருக்கலாம், யாரோட சாவாவது இருக்கலாம், முதல் நாள் முன்பின் தெரியாதவங்க நடுவுல சொல்ற விஷயமா அது? நான் என்ன பண்ணுவேன்னா பக்கத்துல இருக்கிறவங்களோட அஞ்சு நிமிஷம் பேச விடுவேன், "உங்களுக்கு நல்லா வர்ற வேலை ஒண்ணு சொல்லுங்க, அது சமையலோ ரிப்பேரோ எதுவா இருந்தாலும் பரவால்ல"ன்னு. அப்புறம் ஒருத்தர் பத்தி இன்னொருத்தர் சொல்லுவாங்க. இதுல ஒவ்வொருத்தரும் ஏதோ ஒண்ணு தெரிஞ்சவங்களாதான் அறிமுகம் ஆகறாங்க, தெரியாதவங்களா இல்ல.

முதல் நாள்ல யாரையும் சத்தமா படிக்க வைக்காதீங்க, போர்டுக்கு கூப்பிடாதீங்க. டாய்லெட் எங்க இருக்கு, போன் வந்தா வெளிய போய் பேசலாம், எழுந்து போக கேட்க வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க. 50 வயசு ஆளு டாய்லெட்டுக்கு கை தூக்கி அனுமதி கேட்கிற நிலைமை வரக்கூடாது. வீட்டுக்கு போறப்போ புதுசா ஒரு விஷயமாவது செஞ்சு காட்டக்கூடிய மாதிரி கையில இருக்கணும், தன் பேர தப்பில்லாம எழுதறதா இருக்கலாம், ஒரு மெசேஜ் அனுப்ப தெரிஞ்சதா இருக்கலாம்.

என்ன விட வயசுல பெரியவங்கள எப்படி கூப்பிடறது?

அவங்களையே கேளுங்க. "உங்கள எப்படி கூப்பிட்டா பிடிக்கும்"னு கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. சிலருக்கு பேர் சொல்லி கூப்பிட்டா ரொம்ப பிடிக்கும், பல வருஷமா யாரோட அம்மாவாவோ யாரோட வீட்டுக்காரம்மாவாவோதான் கூப்பிட்டிருப்பாங்க, தன் பேர காதால கேட்கிறதே அவங்களுக்கு ஒரு சந்தோஷம். சிலருக்கு அக்கா, ஐயா, சார். எதுவா இருந்தாலும் வாங்க போங்கதான், சின்ன பையனா தெரிஞ்சாலும் சரி. "தாத்தா, பாட்டி"ன்னு நீங்களா ஆரம்பிக்காதீங்க, 55 வயசுல படிக்க வந்தவங்கள அந்த ஒரு சொல் ஓரமா உக்கார வெச்சிடும்.

எனக்கு வயசு 24, அவங்களுக்கு 50, 60. என்ன எப்படி டீச்சரா ஏத்துப்பாங்க?

இத கேட்கிறவங்களுக்கு நான் எப்பவும் பெர்னிஸ் ராபின்சன் கதைய சொல்லுவேன். அமெரிக்காவுல தெற்கு கரோலினால ஜான்ஸ் தீவுன்னு ஒரு இடம். 1950கள்ல அங்க கறுப்பின மக்கள் ஓட்டு போட பதிவு பண்ணணும்னா சட்டத்துல ஒரு பகுதிய படிச்சு காட்டணும், படிக்க தெரியாதவங்களுக்கு ஓட்டு இல்ல. பெரியவங்களுக்கு பயிற்சி தர்ற ஹைலாண்டர் பள்ளிய நடத்தின மைல்ஸ் ஹார்ட்டனும் அங்க வேலை பார்த்த செப்டிமா கிளார்க்கும் அங்க ஒரு வகுப்பு ஆரம்பிக்கிறப்போ பயிற்சி பெற்ற டீச்சர் வேண்டாம்னு முடிவு பண்ணாங்க, மக்கள தாழ்வா நடத்தாத ஒரு ஆள் வேணும்னு தேடி முடி அலங்காரமும் தையலும் பண்ணிட்டிருந்த பெர்னிஸ் ராபின்சன கேட்டாங்க. 1957 ஜனவரில ஒரு கடையோட பின்னாடி ரூம்ல கிளாஸ் ஆரம்பிச்சது. அந்த அம்மா முதல்ல சொந்தக்கார டீச்சருங்ககிட்ட குழந்தைங்க பாட புத்தகத்த வாங்கிட்டு போனாங்க, ஆனா வந்திருந்தவங்கள பார்த்ததும் இது இவங்களுக்கு சின்னப்பிள்ளைத்தனமா இருக்கும்னு ஒதுக்கி வெச்சிட்டு "உங்களுக்கு என்ன கத்துக்கணும்"னு கேட்டாங்க. தன் பேர எழுதணும், மணி ஆர்டர் பாரம் நிரப்பணும், அந்த ஓட்டு சட்டத்த படிக்கணும்னு சொன்னாங்க, அதுதான் பாடமாச்சு. அந்த ஒரு ரூம்ல ஆரம்பிச்சது பின்னாடி தென் மாநிலங்கள் முழுக்க குடியுரிமை பள்ளிகளா பரவுச்சு.

பெர்னிஸுக்கு டீச்சர் பட்டம் இல்ல, உங்களுக்கு நரை இல்ல, ரெண்டும் ஒண்ணுதான். "வாழ்க்கைல நீங்க எனக்கு சீனியர், இந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு கொஞ்சம் முன்னாடியே தெரியும், அத பகிர்ந்துக்க வந்திருக்கேன்"னு முதல் நாளே நேரா சொல்லிடுங்க. மனசார சொன்னா ஏத்துப்பாங்க. தெரியாதத கேட்டா "தெரியல, நாளைக்கு பார்த்துட்டு வர்றேன்"னு சொல்லுங்க, சொன்ன மாதிரி பார்த்துட்டும் போங்க. டீச்சரே தெரியலன்னு சொல்லலாம்னா நாமளும் சொல்லலாம் போலன்னு அவங்களுக்கு அப்போதான் தைரியம் வரும்.

கேள்வி கேட்டா யாரும் வாயே திறக்க மாட்டேங்குறாங்க, என்ன பண்றது?

முதல்ல நீங்க எவ்ளோ நேரம் காத்திருக்கீங்கன்னு பாருங்க. மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1970கள்ல கிளாஸ் ரெக்கார்டிங்குகள வெச்சு அளந்து பார்த்தாங்க, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா 1 வினாடிதான் காத்திருந்தாங்களாம், அதுக்குள்ள தானே பதில் சொல்றது இல்ல அடுத்த ஆள கேட்கிறது. அத 3 வினாடி ஆக்கினதும் பதில்கள் நீளமாச்சு, தானா முன்வந்து பேசுறவங்க கூடினாங்க. அது குழந்தைங்க கிளாஸ்ல பார்த்தது, பெரியவங்களுக்கு நான் 7, 8 வினாடி கூட விடுவேன், மனசுக்குள்ள எண்ணிக்குவேன். அமைதியா இருக்கிறது உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும், அவங்க அந்த நேரத்துல யோசிச்சுட்டு இருக்காங்க.

அப்புறம் "புரிஞ்சுதா?"ன்னு கேட்கிறத விட்டுடுங்க. பெரியவங்க எல்லாரும் "புரிஞ்சுது"ன்னுதான் சொல்லுவாங்க, புரியலன்னு சொன்னா தன் மானம் போகும், உங்க மனசும் நோகும்னு நினைப்பாங்க. அதுக்கு பதிலா "இதுல எந்த இடம் குழப்பமா இருக்கு, நான் எங்க வேகமா போயிட்டேன்"னு கேளுங்க, குறை உங்க பக்கம் வந்துடும், அவங்க சொல்றது சுலபம். முதல்ல ரெண்டு பேரா பேசிக்கட்டும், அப்புறம் "நாங்க இப்படி நினைக்கிறோம்"னு சொல்லட்டும், தப்பானாலும் அது ரெண்டு பேரோட தப்பு. இதெல்லாம் பண்ணியும் சிலர் ஒரு மாசம் பேசமாட்டாங்க. விட்டுடுங்க. கேட்டுட்டு இருக்காங்கன்னு அர்த்தம்.

தப்பா பதில் சொன்னா எல்லார் முன்னாடியும் திருத்தலாமா?

திருத்தாம விடக்கூடாது, அதையும் சொல்லிடறேன். தப்ப தப்புன்னு சொல்லாம "சூப்பர் சூப்பர்"னு தாண்டி போறதும் மரியாதை இல்லாததுதான், அவங்க நேரத்த செலவு பண்ணி வந்திருக்காங்க. எப்படி சொல்றோம்ங்கிறதுதான் விஷயம். ஒரு பொதுத் தப்பா இருந்தா பேர் சொல்லாம போர்டுல எழுதி "இந்த இடத்துல நிறைய பேர் வழுக்குவோம்"னு எல்லாருக்கும் சேர்த்து சொல்லலாம். ஒருத்தரோடது மட்டும்னா நோட்டு பக்கத்துல போய் குனிஞ்சு, முடிஞ்சா பக்கத்துல ஒரு சேர் போட்டு உக்காந்து மெதுவா சொல்லுங்க, தலைக்கு மேல நின்னுட்டு சொல்லாதீங்க. அந்த பதில்ல சரியான பாதி எதுன்னு முதல்ல காட்டுங்க, "இதுவரைக்கும் சரியா வந்துட்டீங்க, இங்கதான் திரும்பிடுச்சு"ன்னு. சிவப்பு பேனா வேண்டாம், பென்சிலால சின்ன கோடு போதும்.

நிறைய பாராட்டினா நல்லதுதானே?

நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டாவது வருஷம்னு ஞாபகம், ஒரு ஐயா, 60 தாண்டினவர், முதல் தடவையா ஒரு பத்திய தடுமாறாம படிச்சார். நான் சந்தோஷத்துல எல்லாரையும் கைதட்ட சொல்லி "இந்த வயசுலயும் பாருங்க, எவ்ளோ நல்லா படிக்கிறார்"னு சொன்னேன். அடுத்த நாள் வரல, அதுக்கடுத்த வாரமும் வரல. ஒரு மாசம் கழிச்சு வீட்டுக்கு போய் பார்த்தப்போ மெதுவா சொன்னார், "நான் படிச்சதுக்கு தட்டல சார், கிழவன் படிச்சதுக்கு தட்டுனாங்க"ன்னு. அந்த வார்த்தை இன்னும் எனக்குள்ள இருக்கு.

அதுக்கப்புறம் "இந்த வயசுலயும்", "உங்க நிலைமைலயும்", "பரவால்லயே" இதெல்லாம் நான் சொல்றதே இல்ல. பாராட்டுன்னா என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, "போன வாரம் கூட்டெழுத்து வந்தா நின்னுடுவீங்க, இன்னைக்கு மூணு இடத்துல நிக்காம போனீங்க". அவங்க வேலைய நீங்க கவனிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சாலே போதும். சிலருக்கு எல்லார் முன்னாடியும் சொன்னா பிடிக்கும், சிலருக்கு வாசல்ல செருப்பு போடறப்போ தனியா சொன்னா போதும், கொஞ்ச நாள்ல உங்களுக்கே தெரிஞ்சிடும்.

"எனக்கு இனிமே மண்டையில ஏறாது"ன்னு சொல்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது?

"அதெல்லாம் ஏறும்"னு மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்க, உண்மைய பிரிச்சு சொல்லுங்க. வயசாக ஆக புதுசா ஒண்ண பிடிச்சுக்கிற வேகம் கொஞ்சம் குறையும், ஒரே நேரத்துல பல விஷயத்த மனசுல வெச்சுக்கிறது சிரமமாகும், அது நிஜம். ஆனா சொல்வளம், உலக அறிவு, ஒண்ணோட ஒண்ண சேர்த்து பார்க்கிற திறமை இதெல்லாம் நடு வயசு தாண்டியும் நல்லா நிக்கும், பலருக்கு கூடவே செய்யும். அதனால நேரம் கொடுத்தா போதும், வேகப் போட்டி வைக்கக்கூடாது.

மறந்து போகுதுங்கிறத பத்தி இன்னொண்ணு. ஜெர்மனில ஹெர்மன் எபிங்ஹவுஸ்னு ஒரு உளவியல் ஆய்வாளர் தன்னையே வெச்சு மறதிய அளந்து 1885ல வெளியிட்டார், அர்த்தமில்லாத அசைகள மனப்பாடம் பண்ணிட்டு பார்த்தா ஒரு மணி நேரத்துலயே பாதிக்கு மேல போயிடுச்சு. அப்போ அவருக்கு வயசு 30 பக்கம்தான்! மறதி எல்லா மனுஷனுக்கும் இருக்கிறது, வயசுக்குன்னு வந்தது இல்லன்னு இத நான் கிளாஸ்ல சொன்னா பல முகத்துல நிம்மதி தெரியும். அதுக்கு வழியும் இருக்கு, நோட்ட திரும்ப திரும்ப பார்க்கிறத விட நோட்ட மூடிட்டு ஞாபகப்படுத்தி பார்க்கிறது நல்லா நிக்கும், 2006ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு ஆய்வாளருங்க செஞ்ச சோதனைல ஒரு வாரம் கழிச்சு இந்த ரெண்டாவது வழில படிச்சவங்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்துச்சு. அதனால ஒவ்வொரு கிளாஸும் ஆரம்பிக்கிறப்போ அஞ்சு நிமிஷம் போன தடவை என்ன பார்த்தோம்னு நோட்டு பார்க்காம பேசறோம், மார்க்கு கிடையாது.

உதாரணம் கேட்டா கிமானி மருகேவ சொல்லுங்க. கென்யாவுல 2003ல ஆரம்பப் பள்ளி இலவசம்னு அரசு அறிவிச்சுது, 2004ல இவர் 84 வயசுல முதல் வகுப்புல போய் சேர்ந்தார், யூனிபார்ம் போட்டுக்கிட்டு. உலகத்துலயே அதிக வயசுல ஆரம்பப் பள்ளில சேர்ந்தவர்னு கின்னஸ் பதிவு அவர் பேர்ல இருக்கு. ஆனா ஒண்ணு, இவர் கதைய "அவரால முடிஞ்சா உங்களால முடியாதா"ன்னு குத்திக்காட்ட பயன்படுத்தாதீங்க.

லேட்டா வர்றாங்க, லீவு போடறாங்க. கண்டிக்கலாமா?

பாட்ரிசியா கிராஸ்னு ஒரு அமெரிக்க கல்வியாளர் 1981ல பெரியவங்க படிப்புக்கு வர்ற தடைகள மூணா பிரிச்சாங்க. வாழ்க்கை சூழ்நிலைல இருந்து வர்றது, கல்வி நிறுவனத்தோட நடைமுறைல இருந்து வர்றது, அவங்க மனசுக்குள்ள இருந்து வர்றது. லேட்டா வர்றவங்கள பார்த்தா இந்த மூணுல எதுன்னு யோசிங்க. ஷிப்ட் முடிஞ்சு ஓடி வர்றவங்களா, குழந்தைய யார்கிட்டயாவது விட்டுட்டு வரணுமா? அப்போ கிளாஸ் நேரத்த 20 நிமிஷம் தள்ளி வெச்சா தீர்ந்துடலாம், அது உங்க கையில இருக்கிறது. லேட்டா வந்தா உள்ள விடமாட்டோம்னு ரூல் போட்டீங்கன்னா கஷ்டப்பட்டு வர்றவங்கதான் முதல்ல வெளிய நிப்பாங்க.

நான் வாசல் பக்கத்துல ரெண்டு சேர் காலியா வெச்சிருப்பேன், லேட்டா வர்றவங்க யாரையும் தாண்டாம உக்காந்துக்கலாம். அன்னைக்கு நடந்தத ஒரு பக்கத்துல எழுதி அங்க வெச்சிருப்பேன், வராதவங்களுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போகும், படிக்க இன்னும் பழகாதவங்களுக்கு எழுதி அனுப்பினா என்ன பிரயோஜனம். "ஏன் வரல"ன்னு கேட்காம "நேத்து உங்கள தேடினோம், எல்லாம் நல்லா இருக்கா"ன்னு கேட்டா மனசு விட்டு சொல்லுவாங்க.

படிக்கவே தெரியல, ஆனா தெரிஞ்ச மாதிரி மறைக்கிறாங்கன்னு தோணுது. எப்படி கேட்கிறது?

கண்ணாடி மறந்துட்டேன், எழுத்து சின்னதா இருக்கு, வீட்ல போய் நிதானமா படிக்கிறேன், நீங்களே படிங்க உங்க குரல் நல்லா இருக்கு. இதெல்லாம் திரும்ப திரும்ப வந்தா கவனிங்க. ஆனா கண்டுபிடிச்சுட்ட மாதிரி முகத்த காட்டாதீங்க, இத மறைக்கிறதுக்கு அவங்க வாழ்நாள் முழுக்க எவ்ளோ மூளைய செலவழிச்சிருப்பாங்கன்னு நினைச்சு பாருங்க, சொந்த பிள்ளைங்களுக்கே தெரியாம வெச்சிருந்தவங்கள நான் பார்த்திருக்கேன். தனியா இருக்கிறப்போ "இந்த கிளாஸ்ல பல பேர் எழுத்துல இருந்துதான் ஆரம்பிச்சாங்க, உங்களுக்கு எங்கிருந்து ஆரம்பிச்சா வசதி"ன்னு ஒரு வழிய மட்டும் திறந்து வைங்க. உடனே பதில் வரலன்னா பரவால்ல. ரெண்டு வாரம் கழிச்சு அவங்களே வருவாங்க. நிஜமாவே கண்ணு பிரச்சனையாவும் இருக்கலாம்ங்கிறதையும் மறந்துடாதீங்க.

கண்ணு, காது விஷயத்துல என்ன பார்க்கணும்?

40 வயசு தாண்டினதும் கிட்டத்துல இருக்கிற எழுத்து மங்க ஆரம்பிக்கும், கிட்டத்தட்ட எல்லாருக்கும். அதனால எல்லாருக்குமே பெரிய எழுத்துல பிரிண்ட் எடுங்க, ஒருத்தருக்கு மட்டும் தனியா பெருசா கொடுத்தா அதுவும் ஒரு கூச்சம். காது கேட்கிறதுல வயசானா முதல்ல குறையறது உயர்ந்த சுருதி ஒலிகள், ஸ, ஷ மாதிரி எழுத்து தெளிவா விழாது, கத்தி பேசினா அது சரியாகாது, முகத்த பார்த்து நிதானமா பேசினா சரியாகும். போர்ட பார்த்துக்கிட்டே பேசாதீங்க. பேன் சத்தத்த குறைங்க.

எந்த பாடத்த வெச்சு ஆரம்பிச்சா ஒட்டுதல் வரும்?

அவங்க வாழ்க்கைல புழங்கற சொல்லுல இருந்து. பிரேசில்ல பாவ்லோ ஃபிரெய்ரேன்னு ஒரு கல்வியாளர் 1963ல அஞ்சிகோஸ்ங்கிற ஊர்ல சுமார் 300 தொழிலாளிங்களுக்கு கிட்டத்தட்ட 40 மணி நேர பாடத்துலயே எழுத படிக்க சொல்லித்தர வழி காட்டினார். முதல்ல அவங்க என்ன பேசறாங்கன்னு கேட்டு அதுல இருந்து சொல்ல எடுத்தார், செங்கல்ங்கிறதுக்கு அவங்க சொல்ற "திஜோலு" அவர் முறைல ரொம்ப தெரிஞ்ச உதாரணம், கட்டட வேலை பார்க்கிறவருக்கு அது வெறும் எழுத்து இல்லையே, தினமும் கையில தூக்கறது. அடுத்த வருஷம் ராணுவ ஆட்சி வந்து அந்த வேலைய நிறுத்தி அவர சிறைல வெச்சாங்க. நீங்க முதல் வாரத்துல "எங்கயாவது எழுத்து தெரியாம மாட்டிக்கிட்ட இடம் எது"ன்னு கேட்டு பாருங்க. மருந்து சீட்டு, பஸ் போர்டு, பிள்ளையோட ரிப்போர்ட் கார்டுன்னு வரும், அதையே பாடமாக்குங்க. "அ, அணில்" படம் போட்ட புத்தகம் வேண்டாம்.

ஒரே கிளாஸ்ல 20 வயசும் 60 வயசும் இருக்காங்க, லெவலும் வேற வேற. எப்படி சமாளிக்கிறது?

லெவல் பார்த்து நிரந்தரமா குரூப் பிரிச்சா ரெண்டே நாள்ல "மக்கு குரூப்"னு ஒரு பேர் வந்துடும், நீங்க எந்த அழகான பேர் வெச்சாலும் சரி. வேலைக்கு ஏத்த மாதிரி ஆள மாத்திக்கிட்டே இருங்க. போன்ல வேகமா இருக்கிற சின்ன பையன் ஒரு நாள் சொல்லித்தருவான், அடுத்த நாள் மனக்கணக்குல புலியா இருக்கிற அம்மா அவனுக்கு சொல்லித்தருவாங்க. யாரும் எப்பவும் வாங்கறவங்களாவே இருக்கக்கூடாது, அதுல மட்டும் நான் கண்டிப்பா இருப்பேன்.

ஒருத்தரே பேசிக்கிட்டு இருக்கார், மத்தவங்கள கிண்டலும் பண்றார்?

நிறைய பேசறவர் பெரும்பாலும் உள்ளுக்குள்ள பயந்தவர்தான், அவருக்கு ஒரு பொறுப்ப கொடுங்க. "நீங்க சொன்னது நல்ல விஷயம், இப்போ பேசாதவங்க ரெண்டு பேர கேட்கலாம்"னு சொன்னா போதும். கிண்டல் வேற. ஒருத்தர் தடுமாறறப்போ இன்னொருத்தர் சிரிச்சா அந்த நிமிஷமே நிறுத்துங்க, குரல உயர்த்தாம "இங்க தப்பு பண்ணத்தான் வந்திருக்கோம், அதுக்கு யாரும் சிரிக்கிறதில்ல"ன்னு. நீங்க கண்டுக்காம விட்டா சிரிப்புக்கு ஆளானவங்க மட்டும் இல்ல, பார்த்துட்டிருந்த பத்து பேரும் வாய மூடிடுவாங்க.

கம்ப்யூட்டர் கிளாஸ்ல தனியா ஏதாவது கவனிக்கணுமா?

மவுஸ அவங்க கையில இருந்து வாங்காதீங்க. எவ்ளோ நேரம் ஆனாலும் சரி. "இது ரொம்ப ஈஸி"ன்னும் சொல்லாதீங்க, ஈஸியான விஷயம் தனக்கு வரலன்னா அவங்க என்ன நினைப்பாங்க? எதையாவது அமுக்கினா கெட்டுப்போயிடும்னு பயப்படுவாங்க, அதனால முதல் பாடமே ஒரு பைல அழிச்சுட்டு திரும்ப எடுக்கிறதா வைங்க.

டெஸ்ட்னு சொன்னாலே அன்னைக்கு பாதி பேர் வரமாட்டேங்குறாங்க?

அந்த சொல்லே வேண்டாம். தேவைன்னா முன்கூட்டியே கேள்விங்கள காட்டுங்க, நேரக் கட்டுப்பாட எடுத்துடுங்க, மார்க்க சத்தமா படிக்காதீங்க, பேப்பர மடிச்சு அவரவர் கையில கொடுங்க. வெளிய அரசு பரீட்சை எழுதப்போறவங்களுக்கு நேரம் வெச்சு பழகித்தான் ஆகணும், அத கடைசி ரெண்டு மாசத்துல பண்ணுங்க.

கிளாஸ்ல திடீர்னு அழுதுட்டா, வீட்டு பிரச்சனைய சொன்னா?

தண்ணி கொடுங்க, வெளிய கூட்டிட்டு போய் உக்காருங்க, கேளுங்க. அறிவுரை வேண்டாம். கேட்டத வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. வீட்ல அடிக்கிறாங்க, உயிர விட்டுடலாம்னு தோணுதுங்கிற மாதிரி விஷயம்னா நீங்க ஒரு ஆள் சமாளிக்கக்கூடியது இல்ல, உங்க பகுதில யார்கிட்ட அனுப்பணும்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க, கூடவே போய் சேர்த்து விடுங்க. பணம் கடன் கொடுக்கிற பழக்கத்த மட்டும் ஆரம்பிக்காதீங்க, திருப்பி தர முடியாதவங்க அந்த சங்கடத்துலயே கிளாஸுக்கு வர்றத நிறுத்திடறாங்க.

நின்னு போனவங்கள திரும்ப கூப்பிடலாமா, தொந்தரவா இருக்காதா?

கூப்பிடணும். நிறைய பேர் "யாராவது கூப்பிடுவாங்களான்னு பார்த்தேன்"னு சொல்லியிருக்காங்க. ஒரு வாரத்துக்குள்ள ஒரு போன், அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சின்னதா ஒரு மெசேஜ், அதுல திட்டும் இருக்கக்கூடாது கெஞ்சலும் இருக்கக்கூடாது, "இந்த வாரம் இந்த பாடம் ஆரம்பிக்கிறோம், உங்க நோட்டு என்கிட்ட பத்திரமா இருக்கு"ன்னா போதும். நோட்ட நிஜமாவே எடுத்து வெச்சிருங்க. வந்தாங்கன்னா வாசல்ல நிக்க வெச்சு "எங்க போனீங்க இவ்ளோ நாளா"ன்னு கேட்காதீங்க. நேத்து வந்தவங்கள மாதிரி "வாங்க"ன்னு சொல்லி நோட்ட கையில கொடுத்து, விட்ட பக்கத்த பிரிச்சு வைங்க. நான் மேல சொன்ன அந்த ஐயா ஏழு மாசம் கழிச்சு அப்படித்தான் வந்தார். அன்னைக்கு நான் கைதட்ட சொல்லல, பக்கத்துல சேர் போட்டு உக்காந்து அவர் படிக்கிறத கேட்டுட்டு இருந்தேன்.